கவசமும் கொங்காணியும்

அடைமழையில் மலையேறுவதே வீரம் என்று வாட்ஸ்அப் குழுவில் தீர்மானம் நிறைவேறியது. ஐப்பசி மாதம், கொல்லிமலை, எட்டு வண்டிகள். முழங்காலுக்குக் கவசம், முதுகுக்குக் கவசம், ஹெல்மெட்டில் கேமரா. ‘தண்ணீர் புகாது’ என்று சொல்லி விற்ற ஜாக்கெட், புகுந்த தண்ணீரை வெளியே விடாமல் பாதி வாக்கையாவது காப்பாற்றியது.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கிறார்கள். எங்கே விழுந்தோம் என்று வீட்டுக்குச் சொல்ல வசதி. 23-இல் மூடுபனி. முன்னால் போன தலைவர் கையைத் தூக்கினார். அது ‘நில்’லா, ‘வா’வா என்று விளங்குவதற்குள் மூன்று வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.

ஓரங்கட்டி, வீரத்தைப் பிழிந்துகொண்டிருந்தோம். யூரியா சாக்கைக் கொங்காணியாகப் போட்ட பெரியவர் ஒருவர், பின்னால் இரண்டு வாழைத்தாரோடு டிவிஎஸ் எக்ஸெல்லில் நிதானமாக இறங்கி வந்தார். காலில் ரப்பர் செருப்பு. வண்டியை நிறுத்தி, எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, இந்த மழையில அப்படியென்ன அவசர சோலிங்க?”

சோலி ஒன்றும் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கூச்சத்துக்கு மட்டும் யாரும் கவசம் விற்பதில்லை.