நாற்பத்து நான்கு: எண்ணா, ஆளா? – ஓர் ஆய்வு

நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், 44 என்ற எண்ணை அணிந்த மூவர் பெரும்புகழ் பெற்றனர்: ஜிம் பிரவுன், எர்னி டேவிஸ், ஃபிளாய்ட் லிட்டில். புகழ் ஆளால் வந்ததா, எண்ணால் வந்ததா? அறிஞருலகை ஆள்வாதிகள், எண்வாதிகள் என்று பிரித்துக்கொள்வோம். (ஆய்வென்றால் இரண்டு கட்சியாவது வேண்டும்.)

எண்வாதிகளுக்கு முதல் சறுக்கலே பிரவுனிடம்தான். 1956-இல் கோல்கேட் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஆறு டச்டவுன், ஏழு கூடுதல் உதைகள் என 43 புள்ளிகளைத் தனியாளாகக் குவித்தார். இன்னும் ஓர் உதை விழுந்து 44 ஆகியிருந்தால் சர்ச்சையே இல்லை. பிறகு கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் 32-ஐ அணிந்து, ஆடிய ஒன்பது பருவங்களில் எட்டில் பந்தோடு அதிக தூரம் ஓடியவரானார். எண்ணை மாற்றியும் கால் ஓயவில்லையே என்று ஆள்வாதிகள் குதிக்கிறார்கள். எண்வாதிகள் அசரவில்லை: நாலும் நாலும் எட்டுத்தானே! எட்டைக் கண்டாலே சனி என்று பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்லும் நம்மூர் ஜோதிடர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து டேவிஸ். 1959-இல் சிரக்யூஸ் தேசிய சாம்பியன் ஆனது இவர் காலத்தில். 1961-இல், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்ற முதல் கறுப்பினத்தவரும் இவரே. கிளீவ்லாந்து இவரையும் எடுத்து 45-ஐக் கொடுத்தது. ரத்தப் புற்றுநோய் வந்தது. தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 1963 மே 18-இல், 23 வயதில் இறந்தார். சரியாக அறுபது ஆண்டு கழித்து அதே மே 18-இல் பிரவுன் மறைந்தார். இதில் கணக்குப் போட வருகிற எண்வாதியை இந்த ஆய்வு வாசலோடு அனுப்பிவிடுகிறது.

லிட்டில் சிரக்யூஸில் ஆடிய மூன்று ஆண்டும் ஆல்-அமெரிக்கன், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களின் பட்டியலில் இருந்தவர். டென்வர் அணிக்குப் போயும் 44-ஐ விடவில்லை. எண்வாதிகளின் ஒரே அசல் சாட்சி இவர்தான். ஆனால் இவரைச் சிரக்யூஸுக்கு வரச்சொல்லி அழைத்தவர் டேவிஸ். வழக்கு அங்கேயே முடிந்தது: எண்ணுக்குப் பெருமை, ஒருவர் இன்னொருவரைத் தேடிப்போய்க் கையில் கொடுத்ததால் வந்தது. ஆட்டத்தில் பிரவுனே பெரியவர், 44 டேவிஸுடையது.

2005-இல் அந்த எண்ணுக்குப் பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்துவிட்டது. மறுப்புள்ளவர்கள் அங்கேயே எழுதிக் கேட்கலாம். அஞ்சல் குறியீடு 13244; கடைசி இரண்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.