தாபிர் கட்சி

என்னடா பேராண்டி, நீ ஓசனிச்சிட்டாம், நான் தாபிராம்? உங்கம்மா சொல்லிச் சிரிச்சா. உக்காரு இப்படி, கணக்குப் பாத்துருவோம்.

உன் குருவி கியூபாவுல இருக்கு. தேனீ ஓசனிச்சிட்டு, எடை சுமார் 2 கிராம். நம்ம ஆளு மலேசியாக் காட்டுல, 300 கிலோ. தராசுல நான் ஒரு தட்டுல ஏறினா, எதிர்த்தட்டுக்கு நீ 1,50,000 பேரா வரணும். அத்தனை பேருக்கும் உங்கம்மா எங்கே சோறாக்குறது? செகண்டுக்கு 80 தடவை ரெக்கை அடிக்கிற வயித்துக்குப் பசி அடங்குமா? குடிச்ச தேனு அடுத்த பூவுக்குப் போறதுக்குள்ள செலவாயிரும், உன் சம்பளம் பெட்ரோலுக்கும் பரோட்டாவுக்கும் ஆகுற மாதிரி.

தாபிரைப் பாரு. பகல்ல புதருக்குள்ள படுக்கை, ராத்திரி எந்திரிச்சுத் தழை. வேணும்னா தண்ணிக்குள்ள இறங்கி மூக்கை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டுக் கெடக்கும். ஆளு பன்னி மாதிரி, மூக்கு குட்டித் தும்பிக்கை மாதிரி. ஆனா சொந்தக்காரங்க யாரு தெரியுமா? குதிரையும் காண்டாமிருகமும்! பொண்ணு கேட்டுப் போனா இதை மறக்காமச் சொல்லு.

உன் குருவிகிட்டயும் ஒரு புத்தி இருக்குடா, இல்லைங்கல. ராத்திரியில உடம்புச் சூட்டையும் நெஞ்சுத் துடிப்பையும் கொறைச்சு, செத்த மாதிரி கெடக்கும். அப்படிக் கெடந்தாத்தான் சேத்த தேனு விடியுற வரைக்கும் தாங்கும். நீ ரெண்டு மணிக்கும் போனைத் தடவுற. எந்தக் குருவிடா நீ?

இந்தப் பெருசு சிறுசுப் பஞ்சாயத்து நம்ம திருவானைக்கா கோயில்லயே நடந்திருக்கு. லிங்கத்து மேல சருகு விழாம சிலந்தி வலை கட்டுச்சு. அசுத்தம்னு யானை பிச்சுப் போட்டுச்சு. ரெண்டுக்கும் பக்திதான். சிலந்தி தும்பிக்கைக்குள்ள பூந்து கடிச்சதுல ரெண்டும் போச்சு. சிலந்தி அடுத்த பிறவியில கோச்செங்கட் சோழனாப் பொறந்துச்சாம். பொறந்து என்ன பண்ணுச்சு? யானை ஏற முடியாத மாடக்கோயிலாக் கட்டித் தள்ளுச்சாம்! சோழ நாடே கையில இருக்கு, கோவம் மட்டும் பழைய யானை மேல.

எனக்கு அந்த மாதிரிக் கோவமெல்லாம் கிடையாது. தாபிர்னா தாபிர்தான். பகல்ல எந்திரிக்கக் கூடாது பாரு. அந்த ரெக்கைய எடுத்துக்கிட்டு, தஞ்சாவூர் ரோட்டுக் கடையில ஒரு கவுளி வெத்தலை வாங்கிட்டு வா. காசு உன்கிட்டயே இருக்குமே?