நோட்டு ரெடி, நாவல் பாக்கி

பெங்களூரில் எழுத்தாளர் ஆவது இப்போது சுலபம். சர்ச் ஸ்ட்ரீட் காபிக்கடையில் ஜன்னலோர மேசை, ஜப்பான் நோட்டு, ஜெர்மன் பேனா, மூன்று நிறத்தில் மசி. எல்லாவற்றையும் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால் அன்றைய நாட்குறிப்பு முடிந்தது. முதல் பக்கம் மட்டும் காலியாகவே இருக்கும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காகிதத்தில் யாராவது கிறுக்குவார்களா?

இதே ஊரில் 1930 வாக்கில் ஓர் இளைஞருக்கு இந்தச் சங்கடம் இல்லை. பாட்டி நல்ல நாள் பார்த்துச் சொன்னார். பேரன் சாதாரண நோட்டு ஒன்றை வாங்கி நாவலின் முதல் வரியை எழுதினார். மால்குடி என்ற கற்பனை ஊர் பிறந்தது. 1935இல் நாவல் லண்டனில் புத்தகமாகவும் வந்தது. ஆர்.கே. நாராயணுக்கு வாய்த்தது பிராண்டு அல்ல, பாட்டி.

ஆனந்தரங்கப் பிள்ளை இன்னும் மோசம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) வேலையும் பார்த்துக்கொண்டு, 1736 முதல் 1761 வரை கப்பல் வரவு, வியாபாரம், ஊர் வம்பு, அரண்மனைச் சூழ்ச்சி என நாட்குறிப்பு எழுதித் தள்ளினார். மனநிம்மதிக்காக எழுதுகிறோம் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது. பாவம், வழிகாட்ட ஆளில்லை.

நமக்கு அந்தக் குறை இல்லை. வார இறுதி தவறாமல் ஊரில் எங்காவது 'கையால் எழுதப் பழகுவோம்' பயிலரங்கு நடக்கிறது. பேனா அவர்களே தருவார்கள். பெயர்ப்பதிவு கூகுள் படிவத்தில் மட்டும்.