வைரக் கிரீடமும் சைக்கிள் ரிக்‌ஷாவும்

லண்டன்,
ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே ஆட்சி மாறிய கதையை நீங்கள் அங்கே டி.வி.யிலேயே பார்த்திருப்பீர்கள். ஜூலை 4-ஆம் தேதி ஓட்டுப்பதிவு. மறுநாளே ரிஷி சுனக் பிரதமர் வீட்டைக் காலி செய்துவிட்டார், கியர் ஸ்டார்மர் குடிவந்துவிட்டார். பந்தல் கிடையாது, கட்-அவுட் கிடையாது, மைதானத்தில் நாற்காலி போட்டுப் பதவியேற்பு விழா கிடையாது. வாசலில் நின்றபடி சில நிமிஷப் பேச்சு, அவ்வளவுதான். ஆட்சியையே இப்படிச் சப்பென்று மாற்றுகிறவர்கள், நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்க மட்டும் குதிரை, வாள், வைரம், பணயக்கைதி என்று ஒன்றையும் பாக்கி வைப்பதில்லை. ஜூலை 17-ஆம் தேதி அந்த வைபவம் நடந்தது. டவாலியின் தலைப்பாகை மடிப்புக் கலைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கலெக்டர் ஆபீஸில் காலம் தள்ளி ரிட்டயர் ஆனவர் நீங்கள். இந்தச் சமாசாரம் உங்களுக்குத்தான் ருசிக்கும்.

பணயக்கைதி என்றது வேடிக்கைக்கு இல்லை. மன்னர் நாடாளுமன்றத்துக்குப் போயிருக்கும் நேரத்தில் ஆளுங்கட்சி எம்.பி. ஒருவரை பக்கிங்ஹாம் அரண்மனையில் பிடித்துவைத்திருப்பார்கள். மன்னர் முழுசாகத் திரும்பி வந்தால் அவருக்கும் விடுதலை. கொறடாக்களில் ‘வைஸ் சேம்பர்லின்’ பதவியில் யார் இருக்கிறாரோ அவர் தலையில்தான் இந்த வேலை விழும். இந்த முறை அகப்பட்டவர் செஸ்டர் பக்கத்து எம்.பி. சமந்தா டிக்சன். பயப்பட வேண்டாம், உட்காரவைத்து உபசரிக்கத்தான் செய்கிறார்கள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் முதலாம் சார்லஸ். 1642 ஜனவரி 4-ஆம் தேதி அவர் படைவீரர்களோடு கீழவைக்குள் நுழைந்து, தமக்கு ஆகாத ஐந்து எம்.பி.க்களைக் கைது செய்யப் பார்த்தார். அவர்கள் முன்பே தப்பிவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று சபாநாயகர் வில்லியம் லெந்தாலைக் கேட்டார் மன்னர். லெந்தால் மண்டியிட்டு, மகா பணிவாக, இந்த அவை சொல்லாமல் தமக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்று பதில் சொல்லிவிட்டார். அரசு ஊழியர்கள் பிரேம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டிய பதில். பிறகு உள்நாட்டுப் போர் மூண்டது. 1649-இல் மன்னரின் தலையே போயிற்று. அன்றிலிருந்து கீழவை கூடியிருக்கும்போது எந்த மன்னரும் அதற்குள் காலெடுத்து வைத்ததில்லை. திறப்புவிழா மேலவையில்தான் நடக்கும். எம்.பி.க்களை அங்கே கூப்பிட்டனுப்ப வேண்டும்.

இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1605-இல் கை ஃபாக்ஸ் கூட்டம் மேலவைக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தைப் பதுக்கிவைத்து, திறப்புவிழா அன்று முதலாம் ஜேம்ஸ் மன்னரோடு சேர்த்து எல்லோரையும் தகர்க்கத் திட்டமிட்டது. நவம்பர் 5-ஆம் தேதி ஆள் பிடிபட்டார். அதனால் இன்றைக்கும் விழாவுக்கு முன்னால் யோமன் காவலர்கள் கையில் லாந்தரோடு நிலவறைகளைச் சோதிக்கிறார்கள். இந்தப் படை 1485-இல் ஏற்பட்டது. சிவப்பும் தங்கமுமான உடுப்பும் அந்தக் காலத்து மோஸ்தர்தான். உண்மையான சோதனையை மோப்ப நாயோடு வரும் போலீஸ் தனியாகச் செய்துவிடுகிறது. லாந்தர்காரர்களுக்கு வேலை முடிந்ததும் ஆளுக்குச் சிறு கிளாஸ் போர்ட் ஒயின். நிலவறையில் எதுவும் அகப்படாததற்கு இவ்வளவு நல்ல சம்பளம் வேறு எங்கே கிடைக்கும்?

இனி நகைநட்டு. கிரீடம் மன்னரோடு வருவதில்லை. அதற்கென்று தனி கோச்சு வண்டி, தனிப் பாதுகாப்பு. மன்னருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். 1937-இல் ஆறாம் ஜார்ஜுக்காகச் செய்தது. 2,868 வைரம், 17 நீலக்கல், 11 மரகதம், 269 முத்து. முன்பக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கலினன் வைரத்திலிருந்து வெட்டிய 317 காரட் கல். அதற்கு மேலே ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று பெயர் பெற்ற சிவப்புக்கல். உண்மையில் அது மாணிக்கமே இல்லை, ஸ்பைனல் என்ற வேறு கல். நம் ஊர் ஆசாரி கையில் கொடுத்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். மொத்த எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். குனிந்து உரையைப் படித்தால் கழுத்து போய்விடும், அதனால் தாளைத்தான் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று எலிசபெத் அரசியார் 2018-இல் பிபிசி ஆவணப்படம் ஒன்றில் சிரித்துக்கொண்டே விளக்கினார். கிரீடத்தோடு கூடவே, வெல்வெட் தொப்பி ஒன்றைக் குச்சியின் நுனியில் மாட்டித் தூக்கிக்கொண்டு வருகிறார் மேலவையின் ஆளுங்கட்சித் தலைவர். அந்தத் தொப்பியை யாரும் போட்டுக்கொள்வதில்லை.

மன்னர் தோளில் சிவப்பு வெல்வெட் அங்கி. அதன் வால் தரையில் நீண்டு கிடக்கும். நான்கு பையன்கள் தூக்கிவர வேண்டும். மேலவைப் பிரபுக்களுக்குச் சிவப்புக் கம்பளி அங்கி, அதில் வெள்ளை ரோமப் பட்டைகள். டியூக் என்றால் நான்கு பட்டை, ஏர்ல் என்றால் மூன்று, பாரன் என்றால் இரண்டு. பட்டையை எண்ணியே எவ்வளவு குனிய வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளலாம். ஒரு காலத்தில் இது ஸ்டோட் என்ற பிராணியின் குளிர்கால ரோமம். இப்போது பெரும்பாலும் முயல். சொந்த அங்கி இல்லாத பிரபு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார். நீதிபதிகள் பொய்முடியோடு, வெளிநாட்டுத் தூதர்கள் அவரவர் நாட்டு உடையில், சீமாட்டிகள் தலையில் கல் வைத்த பட்டத்தோடு முற்பகலிலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள். பட்டப்பகலில் இத்தனை ஜொலிப்பை வேறெங்கும் பார்க்க முடியாது.

மன்னர் அரியணையில் அமர்ந்ததும் பிரபுக்களை உட்காரச் சொல்வார். அடுத்து, எம்.பி.க்களை அழைத்துவர ‘பிளாக் ராட்’ கிளம்புவார். கையில் பிடித்திருக்கும் கருங்காலித் தடிதான் பதவியின் பெயர். இந்த முறை அந்தப் பதவியில் இருந்தவர் சாரா கிளார்க். 2018-இல் பொறுப்பேற்றார், இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அதற்கு முன்னால் விம்பிள்டன் டென்னிஸ் போட்டிகளை நடத்திக்கொண்டிருந்தார். கூட்டத்தை வரிசையில் நிறுத்தத் தெரிந்தவர் என்று தேர்ந்தெடுத்தார்கள் போலும். கறுப்பு உடுப்பும் லேஸ் வைத்த கழுத்துப்பட்டியுமாக அவர் நடந்து கீழவை வாசலுக்கு வந்ததும், கதவை முகத்தில் அறைந்து சாத்துகிறார்கள். தடியால் மூன்று முறை தட்ட வேண்டும், பிறகே திறப்பார்கள். 1941 குண்டுவீச்சில் அழிந்த அவையைத் திரும்பக் கட்டி 1950-இல்தான் திறந்தார்கள். அதற்குள் கதவில் அந்த இடம் குழிந்துபோயிருக்கிறது.

பிளாக் ராட் உள்ளே வந்து அழைத்த மறுகணம், போல்சோவர் எம்.பி.யாக இருந்த டென்னிஸ் ஸ்கின்னர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வெடியைக் கொளுத்திப்போடுவது பல வருஷ வழக்கமாயிருந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்து வந்தவர். முடியாட்சியே வேண்டாம் என்பவர். 2017-இல் திறப்புவிழாவும் அரசியார் விரும்பிப் போகும் அஸ்காட் குதிரைப் பந்தயமும் ஒரே வாரத்தில் வந்தன. சீக்கிரம் ஆகட்டும், முதல் ரேஸ் இரண்டரைக்கு என்றார் ஸ்கின்னர். 2019 தேர்தலில் அவர் தோற்றதிலிருந்து விழாவில் உப்பு கொஞ்சம் குறைவுதான்.

அழைப்பு வந்ததும் எம்.பி.க்கள் இருவர் இருவராக மேலவைக்கு நடப்பார்கள். முன்னால் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும். இந்த முறை ஸ்டார்மரும், பன்னிரண்டு நாள் முன்புவரை பிரதமராயிருந்த சுனக்கும் ஜோடி. இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். மன்னர் கூப்பிட்டால் ஓடமாட்டோம் என்று காட்டுவதற்காக வேண்டுமென்றே மெல்ல, சளசளவென்று பேசிக்கொண்டு போவதும் மரபாம். போய்ச் சேர்ந்தால் உட்கார இடமும் கிடையாது. அவையின் கடைசியில் ஒரு தடுப்புக்கு அப்பால் நெருக்கியடித்து நிற்க வேண்டும். பிரதமருக்கும் அதே கதிதான். இந்தத் தேர்தலில் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் ஜெயித்த உமா குமரன், ஈழத்துப் பெற்றோரின் மகள், முதல் தமிழ்ப் பெண் எம்.பி. ஈஸ்ட் ஹாம் பக்கத்தில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. அந்தக் கூட்டத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்று டி.வி.யில் தேடியவர்கள் பலர்.

கவனித்தீர்களா மாமா? வைரம் போட்டவர் உட்கார்ந்திருக்கிறார். சாதா கோட்டும் டையும் போட்டவர் நிற்கிறார். ஆனால் மன்னர் வாசிக்கும் உரையில் ஒரு வரிகூட வைரக்காரருடையது இல்லை, அத்தனையும் நிற்கிறவர் எழுதியது. நம் கல்யாணத்தில் பட்டு வேட்டி மாப்பிள்ளைக்கு, சீர் பேசி முடிப்பது பெரியவர்கள் என்ற ஏற்பாடு மாதிரிதான். அன்றைக்கு நீதித்துறை அமைச்சராகவும் லார்ட் சான்சலராகவும் இருந்த ஷபானா மஹ்மூத் கறுப்பும் தங்கமுமான அங்கியோடு படியேறி, பட்டுப் பையிலிருந்து உரையை எடுத்து நீட்டினார். மன்னருக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே படியிறங்குவது பழைய முறை. அங்கி தடுக்கி விழாமல் இறங்குவது தனி வித்தை.

வாசிப்பில்தான் வேடிக்கை. 1970-லேயே மேடையேறிச் சுற்றுச்சூழல் பேசியவர் சார்லஸ். 2023 நவம்பரில் மன்னராக வாசித்த முதல் உரையில், வட கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கப் புது உரிமம் கொடுப்பதாக அவர் வாயாலேயே அறிவிக்கவைத்தார்கள். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. அதே உரையில் லண்டனில் உரிமமில்லாமல் ஓடும் சைக்கிள் ரிக்‌ஷாக்களின் தொல்லையை ஒழிப்போம் என்றும் ஒரு வரி. வெஸ்ட் எண்ட் தெருக்களில் கலர் லைட்டும் காதைப் பிளக்கும் பாட்டுமாக ஓடி, சுற்றுலாப் பயணிகளிடம் நூற்றுக்கணக்கில் பவுண்டு கறக்கும் வண்டிகள் அவை. தலையில் 2,868 வைரத்தோடு ஒருவர் ரிக்‌ஷா லைசென்ஸ் பற்றி வாசித்த காட்சிக்காகவே டி.வி. உரிமக் கட்டணம் கட்டலாம். அந்தச் சட்டம் 2024-இல் நிறைவேறியும்விட்டது.

இந்த ஜூலை உரை அதைவிடக் காரம். பரம்பரைப் பிரபுக்கள் மேலவையில் உட்காரும் உரிமையை எடுத்துவிடப்போவதாக அரசு எழுதிக்கொடுத்தது. 1999 சட்டம் மிச்சம்வைத்த 92 இடங்களுக்குத்தான் இந்த வேட்டு. ரோம அங்கியோடு உட்கார்ந்திருந்த அந்தப் பிரபுக்களின் முகத்துக்கு நேரேயே அதை வாசித்தவர், தாய் இறந்த கணத்திலேயே பரம்பரையாக நாற்காலி கிடைத்த ஒரு மனிதர்.

அரசு எழுதும், மகுடம் வாசிக்கும் என்ற இந்த ஏற்பாட்டின் வாரிசுதான், அரசியல் சட்டத்தின் 176-ஆம் பிரிவுப்படி நம் ஆளுநர்கள் சட்டமன்றத்தில் வாசிக்கும் உரை. வாரிசு வீட்டில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் சென்னையில் ஆளுநர் ஆர்.என். ரவி சில பகுதிகளைத் தவிர்த்துவிட்டு வாசித்தார். அச்சிட்டதே அவைக்குறிப்பில் ஏறும் என்று முதல்வர் தீர்மானம் கொண்டுவந்ததும் பாதியிலேயே வெளியேறினார். 2024 பிப்ரவரியில் ஓரிரு நிமிஷத்தோடு நிறுத்திக்கொண்டார்; சபாநாயகர் அப்பாவு தமிழில் வாசித்தார். இங்கே மன்னர் ஒரு வரியை விழுங்கினால், அடுத்த வருஷம் வாசிக்க அவருக்கு நாற்காலி இருக்குமா என்பதே சந்தேகம். ரிக்‌ஷாவையும் சேர்த்து வாசித்துவிடுவது அவருக்குப் பாதுகாப்பு.

உடைதான் மகுடத்துக்கு மிஞ்சிய பேச்சு என்பதால் ஜனங்கள் உடையைத் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். 2017-இல் திடீர்த் தேர்தல் வந்து ஒத்திகைக்கு நேரமில்லாமல் போனது. எலிசபெத் அரசியார் கிரீடமும் அங்கியும் இல்லாமல் காரில் வந்து இறங்கினார். தலையில் நீலத் தொப்பி, அதில் மஞ்சள் பூக்கள். அச்சு அசலாக ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடி! பிரெக்ஸிட் மசோதாக்களை வாசிக்க வந்தவர் தலையில் இதுவா என்று நாடே சிரித்தது. தற்செயல்தான் என்று அவருடைய உடைப் பொறுப்பாளர் ஏஞ்சலா கெல்லி பிற்பாடு புத்தகமே எழுதிச் சொன்னார். நம்பியவர்கள் நம்பினார்கள்.

உடையால் அரசியார் நிஜமாகவே அவதிப்பட்டிருக்க வேண்டிய இடம் கொழும்பு. 1954 ஏப்ரல் 12-ஆம் தேதி இலங்கை நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்க அவர் உடுத்தியது, முந்தைய வருஷம் முடிசூட்டிக்கொண்டபோது போட்ட அதே கவுன். நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்தது; முத்தும் மணியும் ஜரிகையுமாக இழைத்த கனமான பட்டு. காமன்வெல்த் நாடுகளின் சின்னங்கள் அதில் உண்டு: கனடாவுக்கு மேப்பிள் இலை, இந்தியாவுக்குத் தாமரை, இலங்கைக்கும் தாமரை. குளிர்ந்த லண்டன் தேவாலயத்துக்காகத் தைத்த அந்த உடையோடு கொழும்பின் பங்குனி வெயிலில்! ஜோன் கொத்தலாவலைதான் அப்போது பிரதமர். அந்த மேடையில் வசதியாக வேட்டி கட்டிக்கொண்டு நின்ற யாரைப் பார்த்தாலும் அரசியாருக்குப் பொறாமை வந்திருக்கும்.

உரை முடிந்ததும் மன்னர் கிளம்பிவிடுவார். எம்.பி.க்கள் தங்கள் அவைக்குத் திரும்பியதும் அந்த உரையை உடனே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘சட்டவிலக்கு மசோதா’ என்று ஒன்று முதலில் அறிமுகமாகும். மன்னர் சொன்னதற்கு முன்னால் எங்கள் விஷயத்தைத்தான் பேசுவோம் என்று காட்டுவதற்காகவே வைத்திருக்கும் மசோதா. முதல் வாசிப்போடு சரி. யாரும் அதை விவாதிப்பதில்லை, ஓட்டுக்கு விடுவதில்லை, அடுத்த கூட்டத்தொடரில் மறுபடியும் அறிமுகப்படுத்துவார்கள்.

மாமிக்கு வணக்கம் சொல்லவும். கேட்டிருந்த முழங்கால் தைலம் இங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஊருக்கு வரும் யார் கையிலாவது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்