டில்லர் கனத்தால் கயிற்றைப் பாருங்கள்

பாய்மரப் படகின் சுக்கான் பற்றித் திருப்பூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கே இந்த வாரம் முழுக்க இடம்.

சுக்கானை ஏன் தூக்க வேண்டும்? (அவிநாசி வாசகர்)

கரையேறத்தான். சுக்கான் பலகை படகின் அடிமட்டத்துக்கும் கீழே தொங்குகிறது. மணல் தட்டினால் முதல் அடி அதற்குத்தான். ஆகவே அதை ஒரு போல்ட்டில் கோத்து, பேனாக்கத்தி போலப் பின்பக்கம் மடங்கும்படி வைக்கிறார்கள். நம் கடற்கரைகளில் ஃபைபர் படகுக்காரர்கள் கரை நெருங்கியதும் எஞ்சினின் நீண்ட தண்டைத் தூக்கிவிடுவார்கள். அதே காரணம்தான்.

இறக்கிய பலகையை எது பிடித்துக்கொள்கிறது? (ஊத்துக்குளி வாசகி)

ஒரே ஒரு கயிறு. பலகையிலிருந்து கிளம்பி, டில்லர் என்ற கைப்பிடியை ஒட்டி முன்னே வந்து, கயிற்றைக் கவ்வும் பல் வைத்த கிளீட்டில் மாட்டிக்கொள்ளும்.

எங்கள் கம்பெனியில் ஹூடிக்குக் கோக்கும் நாடாக்கயிறு மூட்டை மூட்டையாக மீந்து கிடக்கிறது. ஆகுமா? (பல்லடம் வாசகர்)

ஆகாது. நிட்டிங் மெஷினோடு வாழ்கிற உங்களுக்கே தெரியும், கண்ணி கண்ணியாகக் கோத்தது இழுத்தால் நீளும். அதனால்தான் பனியன் உடம்போடு ஒட்டுகிறது. சுக்கானில் அந்தக் குணம் வம்பு. கயிறு இரண்டு விரல் நீண்டாலும் பலகை பின்னால் சாயும், தண்ணீரின் அழுத்தம், சுக்கான் படகோடு சேரும் கீலை விட்டுப் பின்னே தள்ளிப்போகும், டில்லர் கனக்கும். ஒருமுறை ஒரு மணி நேரம் இரண்டு கையாலும் டில்லரோடு மல்லுக்கட்டினேன். காற்று கூடிவிட்டது என்று நினைத்தேன். கரைக்கு வந்து பார்த்தால் கிளீட்டின் பல் தேய்ந்து கயிறு நழுவி, பலகை பாதி தூக்கியபடி நின்றது. அன்றிலிருந்து டில்லர் கனத்தால் கயிற்றைத்தான் முதலில் பார்க்கிறேன். நீளாத பாலியஸ்டர் பின்னல் கயிறு வாங்குங்கள், 4 மி.மீ. தடிமன் போதும். டைனீமா இழைக் கயிறு இன்னும் நல்லது.

அப்படியானால் எலாஸ்டிக்குக்கும் வேலை இல்லையா? (திருமுருகன்பூண்டி வாசகர்)

உண்டு. சில படகுகளில் பலகையை இறக்கிப் பிடிப்பதே ரப்பர்க் கயிறுதான். பாறையில் மோதினால் விட்டுக்கொடுக்கும், தாண்டியதும் பலகையைத் திரும்ப இழுத்துவிடும். ஆனால் உள்ளாடைக்குத் தைக்கும் பட்டை எலாஸ்டிக் தாங்காது. மேலே உறை பின்னிய உருண்டைக் கயிறு வேண்டும். வெயிலில் ரப்பர் இற்றுவிடும், தொய்வு தெரிந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறேன். சுக்கான் கீலைப் பித்தளையில் செய்யலாமா?

உங்கள் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை, உலோகத்தில்தான். பித்தளையில் செம்போடு துத்தநாகம் இருக்கிறது. கடல்நீர் அந்தத் துத்தநாகத்தை மட்டும் தின்றுவிடும். வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே சல்லடையாகி, ஒரு நாள் பட்டென்று உடையும். 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யுங்கள்.

பராமரிப்பு கடினமா? (தாராபுரம் வாசகர்)

ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். உப்பு என்ன செய்யும் என்று சாயப்பட்டறைக்காரர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் பலகையைக் கழுவி, அது நுழையும் இடுக்கில் விரல் விட்டுப் பாருங்கள். நெருநெரு என்றால் மணல். ஒரு மணல்துகள் போதும், பலகை பாதியில் சிக்கும். போல்ட்டை ஒரேயடியாக முறுக்காதீர்கள். பலகை ஆடக்கூடாது, கையால் தள்ளினால் நகர வேண்டும், அதுதான் கணக்கு. சுக்கான் கழன்று விழாமல் தடுக்கும் கிளிப்பைக் கடலில் இறங்கும் முன் தொட்டுப் பாருங்கள். படகு கவிழ்ந்தால் சுக்கானைக் காப்பாற்றுவது அந்தக் கிளிப்தான்.

நஞ்சராயன் குளத்தில் பாய் விரிக்கலாமா? (திருப்பூர் வாசகர்)

கூடாது. அது 2022 முதல் பறவைகள் சரணாலயம், 2024 முதல் ராம்சர் தலம். வலசை வருகிற பறவைகளின் இடம்.

என் மகளுக்கு 12 வயது, நீச்சல் தெரியும். கடலைப் பார்த்தது இரண்டே முறை. பாய்மரம் கற்கலாமா? (காங்கயம் வாசகி)

தாராளமாக. சென்னையின் நேத்ரா குமணன் 2021-இல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார், இந்தியப் பாய்மரப் பெண்களில் முதல் ஆள். அவர் ஓட்டிய லேசர் ரேடியல் வகைப் படகிலும் இதே தூக்கும் சுக்கான்தான். சென்னைத் துறைமுகத்தில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு முன்பே பயிற்சி பற்றி விசாரித்துவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மட்டும் படகில் ஏற்றாதீர்கள்.