மைக்குக்கும் முறை வைக்கணும்

"வாத்தியார்தான் தலைமை. அவருக்குத்தான் நிலம் கம்மி" என்றார்கள். தலைமைக்கு இதைவிடத் தகுதி வேறென்ன வேண்டும்? ஒன்றேகால் ஏக்கர் வைத்திருப்பவன் அடுத்தவன் மடையை அடைத்து என்ன செய்யப் போகிறான்!

எங்களுடையது சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் பிரிகிற வெள்ளாற்று ராஜன் வாய்க்காலின் ஒரு கிளையை நம்பிச் சம்பா நடுகிற ஊர். வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் சேத்தியாத்தோப்பிலிருந்து குழாய் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சென்னைக்குப் போய்விடுகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற எங்கள் கடைமடைக்குத்தான் தண்ணீருக்கு வழி தெரிவதில்லை. நடுவில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மறித்துக்கொண்டு நிற்கும். ஜேசிபி விட்டு வாரலாமா, யார் எவ்வளவு போடுவது என்று பேசத்தான் கூட்டம். காலை 10 மணி, கோயில் மண்டபம்.

பத்துக்கெல்லாம் கடைமடைக்காரர்கள் வந்து தூணோரம் குந்திவிட்டார்கள். தலைமடைக்காரர்கள் 11 மணிக்கு வந்து, வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டு, முன்வரிசையில் அமர்ந்தார்கள். மைக்கும் முதலில் அங்கேதான் போனது. "ஹலோ, ஹலோ" என்று மூன்று பேர் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தட்டியது அடுத்தவருக்குப் போதவில்லை. பிறகு ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே என்று தொடங்கி, மைக்செட் தம்பி வரைக்கும் பெயர் சொல்லி வணக்கம். அடுத்தவர் வந்து, விட்டுப்போன இரண்டு பெயரைச் சேர்த்து, முதலிலிருந்து வணக்கம். மூன்றாமவர் பழைய புயலில் யார் யாருடைய வரப்பை வெட்டினார்கள் என்பதை எடுத்தார். அதற்கு நாலாமவர் பதில் சொல்ல எழுந்தபோது போண்டாத் தட்டு வந்தது. கூட்டம் மூன்று கிளையாகப் பிரிந்தது. மைக் தூணோரம் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி தீர்ந்திருந்தது. இன்னொரு கூட்டம் போடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கலைந்தோம். மினிட் நோட்டில் அதை மட்டும் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

கூட்டம் நடத்தத் தெரியாமல் முழித்தவன் நான் ஒருவன் இல்லை என்பது ஒரு ஆறுதல். அமெரிக்க ராணுவ இன்ஜினியர் ஹென்றி ராபர்ட் 1863இல் ஒரு சர்ச் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய் அவமானப்பட்டார். அந்த வைராக்கியத்தில் 1876இல் கூட்ட விதிகளைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். பிற்பாடு கால்வெஸ்டன் நகரத்தில் கடலுக்குச் சுவர் கட்டத் திட்டம் தந்த குழுவுக்கும் அவரே தலைவர். கூட்டத்துக்குக் கடல் தேவலாம் என்று நினைத்திருப்பார்.

நம்மவர்கள் அதற்கும் முந்தி. வீராணத்துக்குப் பெயர் தந்த வீரநாராயணன், அதாவது முதலாம் பராந்தகன், அவன் காலத்தில் 921இல் உத்திரமேரூரில் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறே பேர், குடவோலை போட்டு எடுக்கவேண்டும், பதவி ஒரு வருஷம்தான். மைக் இல்லாத காலம், வேலை நடந்திருக்கும்.

அன்று ராத்திரி புரண்டு படுக்கும்போதுதான் உறைத்தது. தண்ணீர் தட்டுப்பாடான வருஷத்தில் என்ன செய்வோம்? முறை வைப்போம். பேச்சுக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்குமான வணக்கத்தையும் நானே ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மைக்கைக் கொண்டுபோய்த் தூணோரம் கொடுத்தேன். ஆளுக்கு மூன்று நிமிஷம், கடைமடையிலிருந்து தொடங்கி மேலே வரும் என்றேன். முன்வரிசையில் ஒருவர் செருமினார். "மாமா, உங்க முறை பதினாலாவது" என்றேன். போண்டாவை மடப்பள்ளியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தேன். வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. அது ரொம்ப உதவியது.

மைக்கை முதலில் வாங்கியது அரை ஏக்கர்க்காரியான ஒரு ஆயா. அதைக் கரண்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு, "பணம் அறுப்புக்குத்தான் வரும் வாத்தியாரே. எம்மவன் மம்பட்டியோட வருவான், அத கணக்குல எழுதிக்க" என்றது. மண்டபமே கொஞ்ச நேரம் பேசவில்லை. மதகுக்குக் கீழேயும் சின்னப் பாலத்துக்கு அடியிலும் ஜேசிபியின் கை நுழையாது, அங்கே மம்பட்டிதான் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருஷமாக ஒருத்தரும் வாய் திறந்து சொன்னதில்லை. பணம் இல்லாதவர்கள் ஆள் தருவது, இருக்கிறவர்கள் ஏக்கருக்கு 200 ரூபாய் போடுவது என்று முடிவானது. முன்வரிசைக்கு முறை வந்தபோது பேச ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் இரண்டு பேர் "ஹலோ" சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

12.20க்குப் பூட்டைத் திறந்தேன்.

வாய்க்கால் வாரியாகிவிட்டது. வசூலில் ஒரே ஒருவர் பாக்கி. தலைமடையில் நாலு ஏக்கர், 800 ரூபாய். அவர் என் மைத்துனர் என்பதால் இதுவரை வீட்டில் பேச்செடுக்கவில்லை. அவர் இதைப் படித்தால் பணத்தைக் கோயில் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிடவும்.