காரொலி இலக்கணம்

பாயிரம்

நூலின் எல்லை: முன்னே டேஷ்போர்டு, பின்னே டிக்கி, இடைப்பட்டது நான்கு மீட்டருக்கும் குறைந்த நிலம். கேட்போர்: செகண்ட் ஹேண்டில் ஒரு ஹேட்ச்பேக் வாங்கி, இன்சூரன்ஸும் டயரும் போக இருபதாயிரம் ரூபாய் கையில் மிச்சம் வைத்திருப்போர். வழி: 1930-இல் சிகாகோவில் பால் கால்வின் காருக்கென்றே மோட்டரோலா ரேடியோவை விற்கத் தொடங்கிய நாள் தொட்டு வருவது. அன்றைக்கே விலை 110 டாலருக்குக் குறையாது. எஞ்சின் இரைச்சல் பாட்டுக்குள் புகாமல் தடுப்பது அன்றைக்கே பெரும்பாடு. ஆக, காசும் இரைச்சலும் இத்துறையின் ஆதிச் சிக்கல்கள்.

நுதலிய பொருள் ஒன்றே: கண்ணுக்குத் தெரியும் சாமானுக்குப் போகும் காசு குறையக் குறைய, காதுக்கு வரும் ஓசை கூடும்.

1. வாட்டியல்

நூற்பா: அட்டையில் உள்ளது வாட்டென மயங்கேல்.

உரை: சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எந்தக் கார் சாமான் கடையில் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது வாட்தான். "இது 50 இன்ட்டு 4 சார். அந்த பேஸ் ட்யூப் 1,200 வாட்ஸ். கண்ணாடியெல்லாம் அதிரும் சார்." கண்ணாடி அதிரும் என்பது மெய். வாட் மெய்யா என்பதே ஆராய்ச்சி.

ஓடும் காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சின்ன ஐசி, அலை சிதையாமல் தரக்கூடிய உச்சம், கணக்குப்படி, 26 வாட். ஐசியே தின்பது போக நம் கைக்கு வருவது இருபதை ஒட்டித்தான். பின் ஐம்பது எங்கிருந்து வந்தது? 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் 51.8. அதாவது, வால்யூமை முட்டத் திருகி, அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகி, ஸ்பீக்கர் கதறும் நிலையில் உள்ள கணக்கு. பாட்டைக் கொன்று எடுத்த அளவை அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள்.

ட்யூபுக்கும் இதே விசாரணை. அதன் ஃப்யூஸைப் பார்க்க. 15 ஆம்பியர் என்றிருந்தால், உள்ளே நிலையாகப் போகக்கூடியதே 216 வாட். 216 உள்ளே போய் 1,200 வெளியே வருமானால் அதைக் காரில் வைப்பது குற்றம். மின்வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

தடை: வாட் இருமடங்கானால் சத்தமும் இருமடங்காகாதோ? விடை: ஆகாது. இருமடங்கு வாட் தருவது 3 டெசிபல். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் உள்ள ஸ்பீக்கரை விட்டு 90 உள்ளதை எடுப்பவர், ஆம்ப்பைத் தொடாமலே இருமடங்கு வாட்டின் பலனை அடைகிறார். அந்த எண் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரர் வாயில் வராது.

2. கதவியல்

நூற்பா: ஓட்டைக் கதவுக்கு உயர்ந்த ஸ்பீக்கர் வீண்.

உரை: ஸ்பீக்கருக்குப் பெட்டி வேண்டும், காரில் கதவே பெட்டி. டோர் பேடைக் கழற்றினால் பெட்டியின் லட்சணம் தெரியும். உட்தகட்டில் கை நுழையும் ஓட்டைகள், மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். வெளித்தகட்டைத் தட்டினால் காலி எண்ணெய் டின் போலச் சத்தம். ஸ்பீக்கர் கோன் முன்னே காற்றைத் தள்ளும்போதே பின்னே இழுக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் அலைகள். ஓட்டை வழியே சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் சாவது பேஸ்.

பரிகாரம்: வெளித்தகட்டின் உட்புறம் பியூட்டைல் ஷீட் ஒட்டுக. முழுக்க ஒட்ட வேண்டாம். கால் பங்கு மூடினாலே தகட்டின் கத்தல் பெரிதும் அடங்கும். உட்தகட்டு ஓட்டைகளை அடைக்க. கதவின் அடியில் உள்ள மழைநீர்த் துளைகளை மட்டும் அடைக்கற்க. அடைத்தால் ஐப்பசி மழையில் கதவு தொட்டியாகும், அடுத்த ஐப்பசிக்குள் துருவாகும்.

பிறர் மதம்: பின்னே பார்சல் ட்ரேயில் 6×9 ஓவல் இரண்டு பதித்தல். மறுப்பு: கச்சேரியில் பாடகர் நமக்கு எதிரே இருப்பார். எஸ்.பி.பி.யைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பிடரியில் பாடவிடுவது அவருக்கு மரியாதையன்று. முன்கதவில் ஒரு ஜோடி காம்போனென்ட், மேலே சைடு மிரர் பக்கம் ட்வீட்டர். பின்னே ஒன்றும் இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

3. பேஸியல்

இவ்வியலுக்கும் அழகு நிலையத்துக்கும் தொடர்பில்லை.

நூற்பா: அதிர்வது வேறு, அடிச்சுரம் வேறு.

உரை: இளையராஜா பாட்டில் பேஸ் கித்தார் தன் போக்கில் தனிக் கதை சொல்லிக்கொண்டு போகும். நான்கு தந்திக் கித்தாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். காரோ 4 மீட்டருக்குள். காரைவிட நீண்ட அலை காருக்குள் எப்படிக் கேட்கும்? முழு அலையும் நீட்டிப் படுக்கக் காதுக்கு இடம் தேவையில்லை. அழுத்தம் ஏறி இறங்கினால் போதும். மூடிய சின்ன அறையில் தாழ்ந்த சுரங்களின் அழுத்தம் தானாகவே கூடும். ஆகவே சின்னக் காருக்கு 8 அங்குல ஊஃபரே தாராளம். 12 அங்குலம் வாங்கினால் டிக்கி அதற்கு; ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டை மாமியார் மடிக்கு.

கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைத்து, மேலுள்ளதைக் கதவுக்கும் கீழுள்ளதை ஊஃபருக்கும் பிரித்துவிடுக. பேஸ் பூஸ்ட் பொத்தானைத் தொடாது விடுக. இரண்டுக்கும் செலவு இல்லை. ஆகையால் யாரும் செய்வதில்லை.

4. வயரியல்

நூற்பா: ஃப்யூஸ் இல்லா வயர் நெருப்புக்கு நேர்ந்தது.

உரை: ஆம்ப்புக்கு வரும் வயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஆம்ப் அருகே மட்டும் வைத்தால் ஆம்ப் பிழைக்கும், கார் பிழைக்காது. வயரைச் சுரண்டிப் பார்க்க: உள்ளே வெள்ளையென்றால் அது செம்பு பூசிய அலுமினியம், அதே வேலைக்கு இன்னும் தடித்த வயர் தேவைப்படும். எர்த் போல்ட்டின் அடியில் பெயின்டைச் சுரண்டாவிட்டால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'உய்ங்' என்று சுருதி ஏறும். கால்வின் காலத்து இரைச்சலுக்கு அது பேரன் முறை.

பங்கீடு: இருபதாயிரத்தில் மூன்றில் ஒன்று முன் ஸ்பீக்கருக்கு, மூன்றில் ஒன்று நான்கு சானல் ஆம்ப்புக்கு, மீதி ஷீட், வயர், கூலிக்கு. ஊஃபர் தீபாவளி போனஸுக்குக் காத்திருக்கட்டும். காரோடு வந்த ஸ்டீரியோ இருந்துவிட்டுப் போகட்டும். அதன் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஆம்ப்கள் கிடைக்கின்றன.

ஒழிபியல்

காரை விற்கும் நாளில் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் கழன்று அடுத்த காருக்கு வரும். கதவுக்குள் ஒட்டிய ஷீட் வராது. வாங்க வந்தவர் கதவைச் சாத்திப் பார்த்து, "டோர் நல்லா கனமா மூடுது சார், வண்டிய நல்லா வெச்சிருக்கீங்க" என்பார். அதே மூச்சில், "டச் ஸ்க்ரீன்கூட இல்லையே" என்று ஐயாயிரம் குறைப்பார். குறைக்கட்டும். இந்நூலின் கோட்பாட்டுக்கு அதைவிட உறுதியான சான்று சந்தையில் கிடைக்காது.